முழங்கால்மேல் ட்ரம்பெட்

வஹாக்கா நகரம்
6 டிசம்பர் 1996

எலிஹியா அக்காவுக்கு,

இல்லை, உதடு பிளக்கவில்லை. இனி அப்படிச் சொல்லாதே. பேண்டு மாஸ்டர் கேட்டாலும், மாவு மில்லில் கேட்டாலும். உதடு பிளந்தது என்பது நல்ல காரணம். என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய்: உதடு ஆறியதும் தங்கச்சி வந்துவிடுவாள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாயாம். அத்தை என் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நடந்தது ஊருக்கே தெரியும். தேவாலய முற்றம். சாந்தா செசிலியா நாள், பேண்டுக்காரர்களின் நாள். இந்தப் பக்கம் நாம், எதிரே விருந்துக்கு வந்த சான் மார்கோஸ் பேண்டு. என் தனி வாசிப்பு மேலே ஏறி ஒரு ஸ்வரத்தில் நிற்க வேண்டும். ஏறினேன். நிற்கவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு காற்று மட்டும்.

எதிர்வரிசையில் டான் லெயோபார்தோ இருந்தார். அந்த மலைத்தொடரிலேயே அவருக்கு இணையான ட்ரம்பெட் இல்லை என்பார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்தார். அதை மட்டும் பார்த்தேன்.

எழுந்தேன். நாற்காலி விழுந்தது. ட்ரம்பெட்டைத் தரையில் வைத்தேன். ஊர்ச் சொத்தைத் தரையில் வைத்தேன் என்பதும் தெரியும். நாற்காலி விழுந்த சத்தம்தான் எனக்குக் கடைசியாகக் கேட்டது. அப்புறம் என் காலடி. அப்புறம் லாரியின் இன்ஜின்.

இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சந்தைக்குப் பின்னால் பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கடை. டோன்யா ரெஃபுகியோ என்ற அம்மாளுடையது. நசுங்கலை எடுக்கிறேன். துலக்குகிறேன். துலக்கிய வாத்தியத்தை ஊதிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். ட்ரம்பெட்டை மட்டும் அவளையே ஊதச் சொல்கிறேன்.

நீ வர வேண்டாம். யாரையும் அனுப்பவும் வேண்டாம்.

ஃபிதேலா


சான் ப்ளாஸ்
14 டிசம்பர்

ஃபிதேலா,

சரி, பிளக்கல. இனிமே சொல்லல. அப்ப என்ன சொல்லட்டும், அதையும் நீயே எழுதி அனுப்பு. சோளம் அரைக்கப் போனா தினம் ஒருத்தி கேக்குறா. "உன் தங்கச்சி சான் மார்கோஸ்காரங்களைப் பாத்து ஓடினாளா, நம்மளைப் பாத்து ஓடினாளா?" ரெண்டும் இல்லம்மா, அவளைப் பாத்தே அவ ஓடினா அப்படின்னு சொல்லிட்டு மாவை எடுத்துக்கிட்டு வந்தேன். நல்ல பதில்தானே? வீட்டுக்கு வந்தப்புறம் அழுதேன், அது வேற விஷயம்.

நீ போனப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு வரிகூட நீ கேக்கல. கேக்காட்டியும் எழுதுறேன். விருந்தாளி பேண்டு உக்காந்திருக்கும்போது நம்ம பக்கத்துல ஒருத்தர் எழுந்து போனா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குச் சொல்லித் தரணுமா? நீ குழந்தையா இருந்தப்போ தாத்தா செத்த சேதி வந்தப்பக்கூட எந்திரிக்காம வாசிச்சு முடிச்ச ஊரு இது. சான் மார்கோஸ்காரங்க மீதி வாசிப்பு முடியிறவரைக்கும் உக்காந்திருந்தாங்க, மரியாதைக்கு. அப்புறம் பெட்டியை மூடினாங்க. சாப்பாட்டுக்கு உக்காரல. ஊர் எல்லை வரைக்கும் ரெண்டு பேண்டும் சேந்து வாசிச்சு வழியனுப்பணுமே, அதுக்கும் நிக்கல. லாரில ஏறிட்டாங்க. நாங்க எல்லைல நின்னு யாருமில்லாத ரோட்டுக்கு வாசிச்சோம். பனி வேற. நாய் ஒண்ணு கேட்டுச்சு.

அண்டா அண்டாவா வான்கோழிக் குழம்பு மிஞ்சிப் போச்சு. உன் அத்தான் நசாரியோ இப்பல்லாம் வான்கோழியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறார்.

நீ மனசுல வச்சிருக்கிறது எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலில ரெண்டாவது ட்ரம்பெட்டா அக்கா எதுக்கு இருக்கா? முதல் உதடு ஓஞ்சா ரெண்டாவது உதடு எடுத்துக்கணும். கேக்குறவனுக்கு மாறினதே தெரியக் கூடாது. நம்ம பேண்டுல எவ்வளவு பெரிய வாசிப்பா இருந்தாலும் யாரும் தனியா வாசிச்சதில்ல. காகிதத்துல தனின்னு போட்டிருந்தாலும் ரெண்டு பேர்தான். ஆனா ஒத்திகைல எல்லார் முன்னாடியும் சொன்னது யாரு? "அக்கா, அந்த இடத்துல உன் ட்ரம்பெட் முழங்கால்மேலயே இருக்கணும்." மாஸ்டரே உன்னை ஒரு பார்வை பாத்தார். வச்சிருந்தேன். முழங்கால்மேல.

உன் ட்ரம்பெட்டைத் துடைச்சு பேண்டு வீட்ல வச்சாச்சு. இப்போ டெல்ஃபினா ஊதிப் பழகுறா. அவ ஊதுறதைக் கேட்டா உனக்குச் சந்தோஷமா இருக்கும், அவ்வளவு மோசம்.

கிறிஸ்துமஸுக்கு வர்றியா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் போடு.

எலிஹியா


வஹாக்கா
22 டிசம்பர்

அக்கா,

இந்த வாரம் ஒரு ஃப்ரெஞ்ச் ஹார்ன் வந்தது. நான் அதைக் கையில் பிடித்ததே இல்லை. ஊதினேன்.

ட்ரம்பெட்டில் உயரே போன பிறகுதான் ஸ்வரப் படிகள் நெருங்கும். ஹார்னில் நாம் புழங்குகிற இடத்திலேயே நெருங்கிவிடுகின்றன. ஒரு படியை நினைத்துக் கால் வைத்தால் பக்கத்துப் படியில் நிற்கிறோம். விரல் மாறவில்லை. உதடு மாறியதாகவும் தெரியவில்லை. டோன்யா ரெஃபுகியோ சொல்கிறாள், இதை ஊதுகிறவர்கள் எல்லோருக்கும் சீக்கிரம் முடி கொட்டுமாம். ஆனாலும் ஹார்னின் பிழையில் ஒரு கண்ணியம் இருக்கிறது. தவறான படியிலும் அழகாக நிற்கும். இசை தெரியாதவர்கள் அதையும் சேர்த்தே ரசிப்பார்கள்.

ட்ராம்போனில் பொத்தான் இல்லை. குழாயை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. காது சொல்ல வேண்டும், கை கேட்க வேண்டும். மிகவும் கடினம் என்று முதல் நாள் நினைத்தேன். ஆனால் தவறினால் வழுக்கிப் போய்ச் சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும். நம் பேண்டில் மெல்கியாதெஸ் வருஷக்கணக்காக அப்படித்தான் பிழைக்கிறார்.

டூபா. முதல் மூச்சிலேயே கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் டூபா தவறினால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தரை கொஞ்சம் ஆடியதுபோல் இருக்கும். ஆடுகிறவர்கள் தங்கள் காலைத்தான் பார்ப்பார்கள். நம் டூபாக்காரர் எவுஸ்தோர்ஹியோவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பாரிடோன் எல்லாவற்றையும் மன்னிக்கிறது. நல்ல குணம் உள்ள பெரிய மாமா மாதிரி.

ட்ரம்பெட்டில் ஒளிய இடமே இல்லை. சின்னத் துளை. அதற்குள் முழு உடம்பையும் போக்க வேண்டும். போகவில்லையென்றால் முற்றத்தில் நிற்கிற எல்லோருக்கும், திண்பண்டம் விற்கிறவளுக்கும், அவள் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கும் உடனே தெரிந்துவிடும்.

எது கடினம் என்று உதட்டாலும் மூச்சாலும் அளப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தவறினால் எங்கே ஒளியலாம் என்று பார்க்கிறேன். அந்தக் கணக்கில் ட்ரம்பெட்தான்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

ஃபிதேலா


சான் ப்ளாஸ்
3 ஜனவரி 1997

ஃபிதேலா,

வர்றியான்னு கேட்டா வாத்தியப் பாடம் எழுதி அனுப்பிருக்க. நல்லா இருக்கு. வருஷப் பிறப்பு அன்னைக்குப் பேண்டுல பாதிப் பேர் காப்பிக்கு நம்ம வீட்டுக்கு வந்தாங்க. உன் அத்தானுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, உன் கடிதத்தை எடுத்துச் சத்தமா படிச்சிட்டார். நான் தடுக்கல. உன் பேர் வீட்ல கேட்டு ரொம்ப நாளாச்சு, கேக்கட்டுமேன்னு விட்டேன்.

எவுஸ்தோர்ஹியோ காப்பியைக் கீழ வச்சார். "தரை ஆடுதாமா? அவளை ஒரு தடவை இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு கல்லறை மேடு ஏறச் சொல்லு. எது ஆடுதுன்னு அப்பத் தெரியும்." மெல்கியாதெஸுக்குக் கோபம். தான் வழுக்குறதே இல்லைன்னு சொல்லி ட்ராம்போனை எடுத்து வாசிச்சுக் காட்டினார். வழுக்கினார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. என்னோடதுதான் கஷ்டம், உன்னோடது ஊதல், என்னோடதுதான் வாத்தியம்னு. பாரிடோன்காரர் தன்னோடது சுலபம்னு எழுதினதுக்கு உன்னை மன்னிக்க முடியாதுன்னு சொல்லிட்டு, மன்னிச்சுட்டார்.

க்ரெசென்சியா மட்டும் வாயே திறக்கல. ரொட்டியைக் காப்பில தொட்டுத் தொட்டுத் தின்னுக்கிட்டு இருந்தா. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, அவ ஊதுற ஆல்ட்டோ ஹார்னைப் பத்தி நீயும் ஒரு வார்த்தை எழுதல. சண்டை போட்ட யாரும் அதை ஒரு வாத்தியமாவே எண்ணல. டூபா தும்னு சொன்னா அடுத்து இது தச்னு சொல்லும், அதுக்கு என்ன வந்துச்சுன்னு நானும்தான் நெனச்சிருந்தேன். க்ரெசென்சியா இந்த மாசம் மக வீட்டோட போயிடுறா, வெராக்ரூஸுக்கு. அவ நாற்காலி காலி.

இப்ப நிஜமான விஷயம். பிப்ரவரி மூணு நம்ம சான் ப்ளாஸ் திருவிழா. வழக்கப்படி சான் மார்கோஸ்தான் வரணும். போன வாரம் நம்ம பெரியவங்க அழைக்கப் போனாங்க, மெஸ்கால் சாராயம், சிகரெட், ஒரு வான்கோழி எல்லாம் எடுத்துக்கிட்டு. மெஸ்காலை வாங்கிக் குடிச்சாங்க. வான்கோழியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. திருப்பிக் கொடுத்த வான்கோழியைக் கையில பிடிச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க ஊருக்குள்ள நடந்து வந்தப்போ எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருந்துச்சு. அதைவிட ஒரு அசிங்கத்தை நான் பாத்ததில்ல. அந்தக் கோழியை அறுக்கவும் யாருக்கும் மனசு வரல. பேண்டு வீட்டு முன்னாடி திரியுது.

அவங்க சொல்லி அனுப்பினது இதுதான்: "எழுந்து போனவ வந்து கேக்கட்டும்."

சான் மார்கோஸ் வரலைன்னா வேற யாரும் வரமாட்டாங்க. ஒரே பேண்டை வச்சுக்கிட்டு திருவிழா நடத்துறது, நமக்கு நாமே வணக்கம் சொல்லிக்கிற மாதிரி. மாஸ்டர் திருவிழா வரைக்கும் பேண்டுப் பட்டியல்ல உன் பேரை அடிக்க மாட்டாராம். அதுக்கப்புறம் அடிச்சிடுவார். அடிச்சா இந்த ஊர்ல நீ மறுபடியும் எந்த வாத்தியத்தையும் தொட முடியாது, தெரியும்ல. வந்தாலும் ட்ரம்பெட் இல்ல. ஆல்ட்டோதான் இருக்கு.

எலிஹியா


வஹாக்கா
10 ஜனவரி

ஆல்ட்டோவா.

அதை நான் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

நானும் கேட்கிறேன். நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன், நீ எழுதவில்லை. உன் ட்ரம்பெட்டை ஏன் தூக்கவில்லை? நான் சொன்னேன் என்பதாலா? அடுப்பைத் தணி என்று சொன்னேன், கேட்டாயா? நசாரியோவைக் கட்டாதே என்று சொன்னேன், கேட்டாயா? என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீ கேட்டிருக்கிறாய். அந்த ஒன்று அதுதானா?

முதல் நாற்காலி உன்னுடையது. குழந்தை பிறந்து உன் முன்பல் போனதும் எனக்கு வந்தது. அதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசவில்லை. சாந்தா செசிலியா அன்று முழங்கால்மேல் வைத்துப் பேசிவிட்டாய்.

ட்ரம்பெட்டில் விழுந்தவளை ஆல்ட்டோவில் உட்கார வைப்பார்கள். பின்வரிசையில். தச், தச். திருவிழா முழுக்க. ஊரே கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கும். சான் மார்கோஸ் எதிரே உட்கார்ந்து பார்க்கும். அதற்கு நானே போய் அவர்களை அழைத்து வர வேண்டுமாம்.

முடியாது.

ஃபி.


சான் ப்ளாஸ்
18 ஜனவரி

ஃபிதேலா,

பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். உன் அத்தான், நசாரியோவைக் கட்டாதேன்னு நீ எழுதினதைப் படிச்சிட்டு, "சரியாத்தான் சொல்லிருக்கா, நீதான் கேக்கல" அப்படின்னார். அதனால கொஞ்சம் சிரிச்சேன். சிரிச்சதும் கோபம் இறங்கிடுச்சு. இல்லாட்டி வேற மாதிரி எழுதிருப்பேன்.

நான் தூக்கினேன்டி.

உனக்குத் தெரியாதுன்னு எனக்கு முதல் கடிதத்துலயே தெரிஞ்சுபோச்சு. நாற்காலி விழுந்த சத்தம்தான் கடைசின்னு எழுதிருந்த. அந்த இடத்துலயே சொல்லிருக்கணும். சொல்ல மனசு வரல. என் மேல கோபம் இருந்தா உனக்கு அங்க கொஞ்சம் தூக்கமாவது வரும்னு நெனச்சேன். உன்னையே நீ தின்னுக்கிட்டு இருக்கிறதுக்கு என்னைத் திட்டிட்டு இருன்னு விட்டேன்.

உன் ஸ்வரம் கிழிஞ்சுச்சு. ஒரு மூச்சு நேரம் நான் காத்திருந்தேன், நீயே பிடிச்சிடுவன்னு. உன்னால முடியும், எத்தனையோ தடவை பாத்திருக்கேன். பிடிக்கல. சரி போடீன்னு தூக்கினேன். தூக்கி வாய்ல வைக்கிறேன், பக்கத்துல நாற்காலி விழுது. அதுக்காக நிறுத்த முடியுமா? வாசிச்சேன். பல் இல்லாத வாயால எனக்கு அந்த உயரம் எட்டாது. ஒரு ஸ்தாயி கீழ இறக்கி வாசிச்சேன். பல் சந்துல காத்து வேற போய் விசில் அடிச்சுச்சு. முற்றத்துல சிரிப்பு கேட்டுச்சு. கெட்ட சிரிப்பு இல்ல. தும்மல் வந்தவளைப் பாத்து சிரிப்பாங்களே, அந்த மாதிரி. முடிச்சேன். கை தட்டினாங்க. டான் லெயோபார்தோவும் தட்டினார். அப்புறம்தான் எல்லாரும் உன் நாற்காலியைப் பாத்தாங்க.

அதனால நீ நெனக்கிற மாதிரி அந்த ஸ்வரத்தால எதுவும் ஆகல. அது யாருக்கும் ஞாபகம்கூட இல்ல. நீ உக்காந்திருந்தா, அந்த நாள் பல்லில்லாத எலிஹியா விசில் அடிச்ச நாள்னு என் பேர்ல போயிருக்கும்.

நேத்து நான் சான் மார்கோஸுக்குப் போனேன். பேண்டு சார்பா இல்ல, சும்மா, உன் அக்காங்கிற முறையில. உக்கார வச்சு சாப்பாடு போட்டாங்க. உன் சார்பா நான் மன்னிப்புக் கேட்டேன். டான் லெயோபார்தோ கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அந்த ஸ்வரம் அவருக்கும் போயிருக்காம், ஒரு கல்யாணத்துல, அவர் கல்யாணத்துலயே. அதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன், கூட்டல, குறைக்கல.

"நாங்க கேக்க வந்தோம்மா. பரீட்சை வைக்க வரல. எங்க காதை அவ்வளவு கேவலமா நெனச்சாளா அந்தப் பொண்ணு?"

சாப்பிட்டுட்டு வந்துட்டேன். அவங்க வரணும்னா நீதான் கேக்கணும், நான் கேட்டது செல்லாது. வழக்கம் அப்படி. அவர் கண்டிப்பானவர் இல்ல, ஆனா வழக்கத்தை மாத்திக்கவும் மாட்டார்.

ஆல்ட்டோ அசிங்கம்னு எழுதிருக்க. க்ரெசென்சியா போறதுக்கு முன்னாடி அதைக் கொண்டுவந்து என்கிட்ட கொடுத்துட்டுப் போனா. சமையல்கட்டுல உக்காந்து ஊதினேன், சத்தம் சுலபமா வந்துச்சு. சரி, நடந்துகிட்டு ஊதிப் பாப்போம்னு முற்றத்துல நடந்தேன். உன் அத்தான் டூபாவுக்குப் பதிலா வாயாலயே தும் தும்னு சொன்னார். நாலு எட்டு வைக்கல, தச்சுக்குப் பதிலா நானும் தும்முல போய் நிக்கிறேன். மேல எழுதல. நீயே பாத்துக்கோ, அங்க கடைல இருக்குமே.

நான் உனக்கு இதுவரைக்கும் சொன்ன எதையும் நீயும் கேட்டதில்ல. அதையும் கணக்குல வச்சுக்கோ.

எலிஹியா


வஹாக்கா
28 ஜனவரி

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார முடியவில்லை. காது சூடாகிவிட்டது. கடையில் எல்லா வாத்தியங்களும் வாயைத் திறந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அசட்டு நினைப்புதான். அவற்றுக்கு வாய் எப்போதும் திறந்துதான் இருக்கும்.

நீ வாசித்ததைக் கற்பனை செய்து பார்க்கிறேன். கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் கேட்ட ஒன்றை நான் மட்டும் கேட்கவில்லை. எனக்காக வாசித்ததை.

வெட்கமாக இருக்கிறது. ஸ்வரம் போனதற்கு இத்தனை நாள் பட்டது வெட்கமே இல்லை என்று இப்போது தெரிகிறது. அது வேறு ஏதோ. அதில் கொஞ்சம் சுகம்கூட இருந்தது. மூடிய அறையில் படுத்து அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். இதை எடுத்துப் பார்க்க முடியவில்லை. நான் அந்த வாசிப்பைத் தனியாக வைத்துக்கொள்ள விரும்பினேன், டான் லெயோபார்தோவுக்குக் காட்ட. உன் பல்லில்லாத வாய் அதில் கலந்தால் அழுக்காகிவிடும் என்று நினைத்தேன். ஒத்திகையில் அதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது. மென்மையாக இருந்தது. அதுதான் மோசம்.

கடையில் ஒரு ஆல்ட்டோ இருந்தது. யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராதது. பின்கட்டில் நடந்துகொண்டே ஊதினேன். டூபாவுக்கு ஆள் இல்லாததால் டோன்யா ரெஃபுகியோ சுத்தியலால் மேசையைத் தட்டினாள். கால் தரையில் விழும்போது வாய் சும்மா இருக்க வேண்டும். கால் தூக்கியிருக்கும்போது ஊத வேண்டும். உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது சுற்றில் நான் சுத்தியலோடு சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. கூட்டத்தில் கலந்து நடக்கிற மாதிரி. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா எவன் ஆடுவான்?" என்றாள்.

ஆல்ட்டோ தவறினால் எங்கே ஒளியும் என்று பழைய கணக்கில் யோசித்தேன். ஒளியவே வேண்டாம். யாரும் தேட மாட்டார்கள். ஆட்டம் கொஞ்சம் கனத்துப்போகும், அவ்வளவுதான். பாட்டியம்மாக்கள் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஊதுகிறவளுக்கு மட்டும் தெரியும். க்ரெசென்சியாவுக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ரொட்டியைக் காப்பியில் தொட்டுத் தின்றிருக்கிறாள்.

அந்தக் கணக்கே தவறு. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களை என்னைப் பிடிக்க வந்தவர்களாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எங்க காதை அவ்வளவு கேவலமாக நினைத்தாளா என்று கேட்டாராமே. ஆமாம். நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்ததைப் பார்த்தேனே தவிர, எப்படிப் பார்த்தார் என்று பார்க்கவில்லை.

என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. ஒரு ட்ராம்போனை முன்னால் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, நான்தான் எழுந்து போனவள்." அதற்கு மேல் வரவில்லை. டோன்யா ரெஃபுகியோ அந்தப் பக்கமாகப் போனவள் நின்றாள். "அது உன்னை ஒண்ணும் செய்யலையேம்மா," என்றாள், போய்விட்டாள்.

உன்னிடம்தான் முதலில் கேட்க வேண்டும். எலிஹியா அக்கா, முழங்கால்மேல் வைத்திரு என்று நான்


கடிதத்தை ஃபிதேலா அந்த இடத்தில் நிறுத்தினாள். அஞ்சலில் சேர்க்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை மலைக்குப் போகும் லாரியில் ஏறினாள். சான் ப்ளாஸில் வண்டி நின்றபோது இறங்கவில்லை. சான் மார்கோஸில் இறங்கி, குழாயடியில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் டான் லெயோபார்தோவின் வீடு எது என்று கேட்டாள்.